நாலு பேர் ரயிலேறினால் இருபத்தெட்டு ஆடுங்கள்

பெரியவர்கள் நெடுந்தூரப் பயணத்தில் விளையாட, பைக்குள் அடங்குகிற சீட்டு விளையாட்டு எது என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை பேர் என்று எழுதவில்லை. நாலு பேர், ரயில், குறைந்தது ஒரு ராத்திரி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்படியென்றால் இருபத்தெட்டுதான்.

பொம்பளை சீட்டாட்டத்தைப் பற்றி எழுதுகிறாளே என்று திட்ட வருகிறவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் காசு வைத்து யாரும் ஆடியதில்லை, ஆட விட்டதும் இல்லை. தோற்றவர் காதில் செய்தித்தாளைச் சுருட்டிக் குணுக்காக மாட்டிக்கொள்ள வேண்டும். பந்தயம் அவ்வளவுதான். "அது மலையாளத்தான் ஆட்டமாச்சே" என்றும் சிலர் வருவார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதுவரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி. கல்யாண வீட்டு முந்தின ராத்திரியில் பந்தலில் பாய் விரித்து எங்கள் தாத்தாக்கள் ஆடிய ஆட்டம் இது. எங்களுக்கும் சொந்தம்தான்.

ஆட்டம் இப்படி. ஒரு கட்டில் 2 முதல் 6 வரை எடுத்துவிட்டால் 32 சீட்டு மிஞ்சும். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜா, ராணி, எட்டு, ஏழுக்குப் புள்ளி கிடையாது. ஒரு இனத்துக்கு (ஸ்பேட், கிளாவர் மாதிரி) 7, நாலு இனத்துக்கும் சேர்த்து 28. பலமும் இதே வரிசைதான், ஜாக்கிக்கு மேல் ஒன்றும் இல்லை. இரண்டிரண்டு பேர் கூட்டு. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு போட்டதும், எங்கள் கூட்டு இத்தனை புள்ளி எடுக்கும் என்று ஏலம், 14-ல் ஆரம்பம். கூடுதலாகக் கேட்டவர் ஒரு சீட்டைத் துருப்பாகக் கவிழ்த்து வைப்பார்; அந்த இனம் மற்ற இனங்களை வெட்டும். பிறகு இன்னும் நாலு நாலு. இறங்கின இனம் கையில் இல்லாத ஒருவர் கேட்கும்வரை துருப்பு என்னவென்று வைத்தவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ரம்மியில் தனித்தனியாகக் கையைப் பார்த்துக்கொண்டிருப்போம். இதில் கூட்டாளியின் மனசைப் படிக்க வேண்டும். பெரியவர்களுக்கு அதுதான் ருசி.

விவேக் எக்ஸ்பிரஸில் திப்ருகர் வரை போனோம். கன்னியாகுமரியில் கிளம்பி 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி. நானும் வீட்டுக்காரரும், மாமியும் (என் மாமியார்), நாத்தனாரும். இரண்டு பெர்த்துக்கு நடுவே சூட்கேஸை நிறுத்தி, மேலே போர்வையை மடித்துப் போட்டால் மேசை தயார். மூலைக்கு மூலை கூட்டாளி, அதனால் பக்கத்தில் இருப்பவரிடம் குசுகுசுக்கவும் முடியாது. நானும் மாமியும் ஒரு பக்கம்.

விஜயவாடா தாண்டிய ஒரு கை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வீட்டுக்காரர் 18 கேட்டுத் துருப்பைக் கவிழ்த்தார். ஸ்பேட் ஜாக்கியை இறக்கினார். நான் எட்டைப் போட்டேன். நாத்தனார், அண்ணன் பிடித்துவிட்டான் என்ற தைரியத்தில் ஒன்பதைக் கொடுத்தாள். மாமி கையில் ஸ்பேடே இல்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "துருப்பைத் தெற மக்கா" என்றார். திறந்தால் கிளாவர். கிளாவர் ஜாக்கி மாமி கையில்! ஆளுக்கு ஒன்றாக இறங்கின அந்த நாலு சீட்டில், ஒரே பிடியில் 8 புள்ளி. 18 கேட்டவரைக் கவிழ்க்க எங்களுக்கு 11 போதும். மிச்சம் மூன்றையும் அடுத்த இரண்டு பிடிக்குள் எடுத்துவிட்டோம். "மைனி (அண்ணி), உங்க மாமியாரு கள்ளி" என்று நாத்தனார் கத்தின கத்தில் பக்கத்துத் தடுப்பு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில், முன்னாடியே சேலத்தில் ஏறியிருந்த ஒரு பெரியவர், சைடு லோயரில் இருந்தவர், "குடும்பப் பொம்பளைங்க இப்படி ரயில்ல சூதாடலாமா?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மாமி அசரவில்லை. "காசு எங்க கெடக்குன்னு காட்டுங்க அண்ணாச்சி, எடுத்து ஒங்க கையிலயே தந்திருகேன்" என்றார். அவர் டிடிஆரிடம் போய்ச் சொன்னார். டிடிஆர் வந்து பார்த்தார், வீட்டுக்காரர் காதில் தொங்கிய குணுக்கைப் பார்த்தார், ராத்திரி சத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் இறங்கும்வரை எங்களோடு பேசவில்லை. அதே பெரியவர் ராத்திரி பதினொரு மணி வரை போனில் சத்தமாக வீடியோ பார்த்தார். அதை யாரும் கேட்கவில்லை. சீட்டைக் கண்டால் மட்டும் ஏன் இந்த ஆத்திரம்?

காரணம் எனக்குத் தெரியும். ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் அழிந்த கதை நம் எல்லோர் தெருவிலும் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது, மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. பாவம் செய்தது பணம். காகிதக் கட்டு என்ன செய்தது?

     

சரி, உங்கள் விஷயம். பிளாஸ்டிக் சீட்டு வாங்குங்கள். காகிதச் சீட்டு வேர்வையில் ஒட்டும், கலைக்க வராது. ஃபேன் காற்றில் பறக்காதபடி, பிடியில் ஜெயித்த சீட்டுகளை ரப்பர் பேண்டில் போட்டு வையுங்கள். ஜன்னல் பக்கம் இருப்பவர் துருப்பைப் போர்வை மடிப்புக்குள் செருகிக்கொள்ளட்டும். பெர்த்துக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தால் எடுக்க முடியாது. ராத்திரி 10 மணிக்கு மிடில் பெர்த்காரர் படுக்கையைப் போடலாம் என்பது ரயில்வே விதி. அதோடு ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

ஆறு பேர் என்றால் ஐம்பத்தாறு ஆடலாம். இரண்டு கட்டிலிருந்து ஒன்பதுக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் 48 சீட்டு, ஆளுக்கு எட்டு. குழந்தைகளும் இருந்தால் கழுதை ஆட்டம், அல்லது ஊனோ. ஊனோவும் 1971-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் வீட்டாரோடு ஆட உண்டாக்கியதுதான், பெரியவர்களும் தாராளமாக ஆடலாம். நாகர்கோவில்–சென்னை வந்தே பாரத் மாதிரி இருக்கை வண்டியில் பெரும்பாலானவர்கள் எதிரெதிரே உட்கார முடியாது. அதில் பக்கத்து இருக்கைக்காரரோடு, ஒரே கட்டில் ஆளுக்குப் பத்து சீட்டு போட்டு ரம்மி ஆடிக்கொள்ளுங்கள், காசில்லாமல்.