தண்டலும் நடைக்காசும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். மாதச் சம்பளம் கிடையாது. வழிச்செலவு போக நடைக்கு 1,400 ரூபாய் வீட்டுக்கு வரும். நல்ல மாதம் 18 நடை, மழைக்காலத்தில் 10. ஒவ்வொரு தீபாவளிக்கும் 20,000 தண்டல் வாங்குகிறோம். கையில் 17,000 தருவார்கள், நூறு நாளைக்குத் தினம் 200 கட்ட வேண்டும். பொங்கலுக்குள் இன்னொரு தண்டல் வந்துவிடுகிறது. நான் வீண்செலவு செய்கிறேன் என்கிறார் மாமியார். அப்படித்தானா?

ஒரு வாசகி, எர்ணாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. நாலு பேர் வீட்டில் துணி, பட்டாசு, பலகாரம் என்று 17,000 செலவாவதில் மிகை எதுவும் இல்லை. கடனை அடைக்கும் விதம்தான் உங்களைக் கவிழ்க்கிறது.

முதலில் வட்டி. 3,000தானே என்று தோன்றும். ஆனால் மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். நூறு நாளும் சராசரியாக உங்களிடம் நிற்கும் பணம் 17,000இல் பாதி, 8,500 ரூபாய். அதற்கு நூறு நாளில் 3,000 என்றால் வருடக் கணக்கில் நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும்.

அதைவிடக் கொடியது தவணை. மாதம் 6,000. 25,200 வருகிற மாதத்தில் சமாளிக்கலாம். ஆனால் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வாங்கிய தண்டலுக்கு நூறாவது நாள் எந்த வருடமும் பொங்கல் கழிந்துதான் வரும். இடையில் வடகிழக்குப் பருவமழை. பண்டிகை வாரத்தில் கம்பெனிகள் மூடியிருக்கும், லோடு இறக்குகிற ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். மணலி பக்கம் தண்ணீர் நின்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி வரிசை நகராது. புயல் எச்சரிக்கை வந்தால் கப்பல்களையே துறைமுகத்தை விட்டு கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை எர்ணாவூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வண்டி நின்றால் நடை இல்லை, தண்டல்காரர் மட்டும் தினமும் வருவார். 14,000இல் 6,000 போனால் மிஞ்சும் 8,000இல் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியுமா? பாக்கி விழும். அதைக் கழித்துக்கொண்டு புதுத் தண்டல் போடுவார்கள். அந்தப் பாக்கிக்கும் சேர்த்துத்தான் மறுபடி பிடித்தம்.

அதனால் மாதக் கணக்கை விட்டுவிட்டு நடைக் கணக்குக்கு வாருங்கள். பங்குனி முதல் புரட்டாசி வரை ஒவ்வொரு நடைக்கும் 150 ரூபாய் ஒதுக்குங்கள். ஏழு மாதம், 126 நடை, 18,900 ரூபாய். நடை குறைந்தால் ஒதுக்குவதும் தானாகக் குறையும், அடுப்படியை நெருக்காது. மாதாமாதம் ஒரே தொகை கேட்கிற தீபாவளிச் சீட்டில் இந்த நெகிழ்ச்சி கிடையாது. அது பதிவு செய்யாத சீட்டாக இருந்தால் கட்டிய பணத்துக்கே உத்தரவாதம் இல்லை. உங்கள் பெயரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். கூலி வந்த அன்றே ஒதுக்கிவிடுங்கள், மாதக் கடைசியில் மிச்சம் பார்த்து அல்ல.

இந்த வருடம் அதற்கு நாள் போதாவிட்டால் ஓனரிடம் முன்பணம் கேளுங்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொள்ள வேண்டாம். நடைக்கு 200 பிடிக்கட்டும். பத்து நடை ஓடிய மாதத்தில் 2,000தான் போகும். பிடிக்கப் பிடிக்க இரண்டு பேர் நோட்டிலும் எழுத வேண்டும். இல்லையென்றால் தை மாதத்தில் தகராறு வரும்.

அதுவும் கிடைக்காவிட்டால் வங்கியில் நகை அடகு. வருட வட்டி 12 சதவீதம் என்று வைத்தாலும் 17,000க்கு நூறு நாள் வட்டி 560 ரூபாய்தான். தினத் தவணையும் இல்லை. லோடு திரும்பிய பிறகு மீட்கலாம். கெடு தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள், தவறினால் ஏலத்துக்குப் போய்விடும்.

செலவில் குறைக்கக்கூடியது கொஞ்சம்தான். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை, பூசணிக்காய், பொரி, எலுமிச்சை எல்லாம் ஓனர் தர வேண்டியது, கேட்டு வாங்கச் சொல்லுங்கள். துணியை ஆயுத பூஜைக்கு முன்பே, வார நாளில், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் எடுங்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் விலை பேச இடம் இருக்காது. வரிசையில் ஒரு நாள் முழுக்க நிற்கும் டிரைவருக்கு மூன்று வேளை ஓட்டல் சாப்பாடும் டீயும் நடைக்காசில் பெரிய ஓட்டை. புளிச்சோறு கட்டிக் கொடுத்தால் இரவு வரை கெடாது.

இப்போது ஓடுகிற தண்டலை நகை வைத்து அவசரமாக முடிக்காதீர்கள். வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். தள்ளுபடி தர ஒத்துக்கொண்டால் ஒழிய, முன்கூட்டிக் கட்டுவதால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. அட்டையில் மிச்சமிருக்கும் நாட்களை எண்ணி, விடாமல் கட்டி முடியுங்கள். ஐந்தாறு நாள் தவறினாலும் அந்த நாட்களை மட்டும் நீட்டித்துக் கேளுங்கள். புது அட்டை போடச் சம்மதிக்காதீர்கள்.