கேளுங்கள் சொல்கிறேன்: ஜெயிலுக்குப் போன கவர்னர்

கேள்வி: இல்லினாய் மாநில கவர்னராக இருந்த ராட் பிளகோயெவிச், குழந்தைகளுக்கு மருத்துவக் காப்பீடு, முதியவர்களுக்கு இலவச பஸ் என்று நல்லது செய்தவர், அவர் மேல் போட்டது அரசியல் பழிவாங்கல் வழக்கு, அதனால்தான் டிரம்ப் மன்னித்தார் என்கிறான் என் அண்ணன் மகன். உண்மையா? நம்ம மலபார் ஹில் கவர்னர் மாதிரி அவருக்கும் அதிகாரம் கம்மிதானே?
- வாசகர், தாராவி, மும்பை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இங்கே கவர்னரை நியமிப்பது ஜனாதிபதி. அங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், நம் முதலமைச்சர் மாதிரி மாநில நிர்வாகமே அவர் கையில்.

காப்பீடும் இலவச பஸ்ஸும் உண்மைதான். ஆனால் 2008 நவம்பரில் ஒபாமா ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்ததும், நாட்டின் மேல்சபையான அமெரிக்க செனட்டில் இல்லினாய் சார்பில் அவர் வகித்த இடம் காலியானது, அதற்கு ஆள் போடும் அதிகாரம் கவர்னருக்கு, அதைக் காட்டிப் பதவியோ பணமோ தேற்றப் பார்த்தார் என்று வழக்கு. எஃப்.பி.ஐ. அவருடைய போனை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. டிசம்பர் 9 அதிகாலையில் வீட்டிலேயே கைது. அடுத்த மாதம் மாநில சட்டமன்றத்தின் மேல்சபையான மாநில செனட் 59-0 என்ற கணக்கில் பதவியைப் பறித்தது. அந்த சபையில் பெரும்பான்மை அவருடைய சொந்தக் கட்சிக்குத்தான் என்பதை உங்கள் அண்ணன் மகனிடம் சொல்லுங்கள்.

எல்லோரும் செனட் சீட்டைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்தில். சிகாகோவில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஏழைப் பிள்ளைகளைப் பார்க்கும் சிறப்பு டாக்டர்களுக்கு அரசு தரும் கட்டணம் போதவில்லை, கூட்டித் தாருங்கள் என்று ஆஸ்பத்திரித் தலைவர் கேட்டார், கவர்னரும் சரி என்றார். அப்புறம் கவர்னரின் அண்ணனிடமிருந்து அதே தலைவருக்கு போன்: தேர்தல் நிதிக்கு 25,000 டாலர் திரட்டித் தரவேண்டும். பணம் வரவில்லை. உடனே கவர்னர் தன் துணை கவர்னரைக் கூப்பிட்டு, அந்தக் கட்டண உயர்வை நிறுத்திவைக்க முடியுமா என்று விசாரிக்கிறார். காய்ச்சலில் துவளும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாராவியிலிருந்து சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காப்பீடு கொடுத்தவர் என்பதாலேயே இது இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் டாக்டர் கிடைக்காமல் அந்தப் பிள்ளைகள் என்ன பாடுபடும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

2011ல் 17 குற்றச்சாட்டுகள் நிரூபணமாகி 14 வருடச் சிறை. 2015ல் மேல்முறையீட்டு கோர்ட் ஐந்தைத் தள்ளுபடி செய்தது, அவை செனட் சீட் சம்பந்தப்பட்டவை. ஆஸ்பத்திரி விஷயம் அப்படியே நின்றது. 2020ல் டிரம்ப் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார், 2025 பிப்ரவரியில் முழு மன்னிப்பும் கொடுத்தார். அதற்காக, அந்த போன் பேச்சு நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா?

கேள்வி: இவருக்கு முன்னால் இருந்த கவர்னரும் ஜெயிலுக்குப் போனவராமே?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: ஆமாம், ஜார்ஜ் ரயன். எதிர்க்கட்சிக்காரர். ஊழல் வழக்கில் ஆறரை வருடம். அதே மனிதர் 2003ல் பதவியை விட்டு இறங்கும்போது மரண தண்டனைக் கைதிகள் அத்தனை பேரின் உயிரையும் காப்பாற்றினார். அதற்காக அவரை மனதாரப் பாராட்டுகிறேன், ஜெயிலுக்கு அனுப்பியதும் சரிதான் என்பேன்.