கையெழுத்துக்குத்தான் பணம்: வேலையை விட்டு விலகுவோர் கேள்விகள்

கேள்வி: மீட்டிங் அறைக்கு அழைத்து, "உங்களை வேலையிலிருந்து அனுப்புகிறோம், மூன்று மாதச் சம்பளம் தருகிறோம், இன்றே கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். போட்டுவிடலாமா?

போடாதீர்கள். "மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். காகிதம் கிடைத்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், 'பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதித் தேதி போடுங்கள்.

பல வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் ஹெச்.ஆர். ஆளாக உட்கார்ந்தவன் நான். 'இன்றே' என்பது பெரும்பாலும் எங்கள் வசதிக்காகச் சொல்வது. அந்தக் காகிதத்தின் உயிர் முதல் பக்கத்துத் தொகையில் இல்லை. 'நிறுவனத்தின் மீது இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்று உள்ளே எங்கோ ஒரு பத்தி இருக்குமே, அங்கே இருக்கிறது. அதை வாங்கத்தான் பணம் தருகிறார்கள். அமெரிக்காவில் 40 வயதோ அதற்கு மேலோ ஆன ஊழியர், வயதுப் பாகுபாட்டுக்காக வழக்குத் தொடரும் உரிமையை இப்படி விட்டுக்கொடுக்க வேண்டுமானால், யோசிக்கக் குறைந்தது 21 நாள், கையெழுத்திட்ட பிறகு மனம் மாற 7 நாள் கொடுத்தாக வேண்டும். எனவே ஒரு வாரம் கேட்பது அடாவடி இல்லை.

கேள்வி: ஐந்து மாதச் சம்பளம் என்கிறார்கள். நல்ல தொகைதானே?

பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். என்னிடம் வந்த ஒருவரின் தாளிலும் கொட்டை எழுத்தில் ஐந்து மாதம் என்றுதான் இருந்தது. பேனாவால் நடுவில் ஒரு கோடு போட்டோம். இடப்பக்கம் நோட்டீஸ் பீரியடுக்கான இரண்டு மாதம், எடுக்காத விடுப்புக்கான ஒரு மாதம். இவை எப்படியும் அவருக்குச் சேர வேண்டியவை. வலப்பக்கம் மிஞ்சியது இரண்டே மாதம். கையெழுத்துக்கு உண்மையில் அவர்கள் வைத்த விலை அதுதான். முடித்த மாதங்களின் இன்சென்டிவ், கைக்காசில் செய்த அலுவலகச் செலவு எல்லாமே இடப்பக்கத்துக்குரியவை.

கேள்வி: "இதுதான் பாலிசி, ஒரு பைசா கூட்ட முடியாது" என்கிறார் ஹெச்.ஆர்.

அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். சர்வீஸ் வருடத்துக்கு இத்தனை வாரச் சம்பளம் என்று அவர் கையில் ஓர் அட்டவணை இருக்கும். அதை உடைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆகவே அட்டவணைக்கு வெளியே கேளுங்கள். முதலில் கடைசி வேலை நாள். நிறுவனம் உங்களுக்கு ஒதுக்கிய பங்குகள் கைக்கு வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறதா? வேலைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, நான்கு வாரம் ஊழியர் பட்டியலில் பெயர் இருக்கட்டும் என்று கேளுங்கள். அவர்களுக்கு ஒரு மாதச் சம்பளச் செலவு. உங்களுக்கு அதைவிடப் பல மடங்கு கிடைக்கலாம். குடும்ப மருத்துவக் காப்பீடு சில மாதம் நீடிப்பது, சேரும்போது வாங்கிய போனஸைத் திருப்பிக் கேட்காமல் விடுவது, பணத்தை அடுத்த நிதியாண்டில் தந்து வரியைக் குறைப்பது போன்றவையும் நடக்கும். எல்லாவற்றையும் ஒரே மெயிலில் கேளுங்கள். தினம் ஒன்றாகக் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். மேலாளர் மீதுள்ள கோபத்தை அந்த மெயிலில் கொட்டாதீர்கள்.

கேள்வி: "நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், பெயர் கெடாது" என்கிறார்கள்.

யாருக்கு லாபம் என்று பாருங்கள். ராஜினாமா கடிதம் கொடுத்த அடுத்த நிமிடம் இழப்பீடு தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்குப் போய்விடலாம். வேலையிழந்தோர் உதவித்தொகை தரும் நாடுகள் பலவற்றில் அதுவும் சிக்கலாகும். அந்த வழிதான் வேண்டுமென்றால், தொகையும் அனுபவச் சான்றின் வாசகமும் எழுத்தில் வந்த பிறகே கடிதம் கொடுங்கள்.

கேள்வி: போட்டி நிறுவனத்தில் ஓராண்டு சேரக்கூடாது என்று ஷரத்து இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் இது செல்லவே செல்லாது. ஜெர்மனியில் தடைக்காலம் முழுக்கப் பழைய வருமானத்தில் பாதியாவது கொடுத்தால்தான் ஊழியரைக் கட்டுப்படுத்தும். உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஒரு மணி நேரக் கட்டணம் வீண்போகாது. 'போட்டி நிறுவனம்' என்ற பொதுச்சொல்லை எடுத்துவிட்டு நான்கைந்து பெயர்களைக் குறிப்பிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் எதை எடுத்து வைக்கலாம்?

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பங்கு ஒதுக்கீட்டுக் கடிதம். வாடிக்கையாளர் பட்டியல் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அதைக் காட்டியே பேக்கேஜை நிறுத்திவிடுவார்கள்.