பூட்டிய அறை போதுமா?

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வேலைக்காக வெளிநாடு போகிறோம். ஓர் அறையை மட்டும் பூட்டிவிட்டு மற்றதை வாடகைக்கு விடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நீங்கள் வாங்கியது 99 வருடக் குத்தகை. அதன் நிபந்தனையை மீறினால், முழுக் காசும் கட்டியிருந்தாலும் சரி, வீட்டையே கட்டாயமாகக் கையகப்படுத்த வீவகவுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு, அது சும்மா ஏட்டில் கிடக்கும் அதிகாரமும் இல்லை. வாங்கியவர் தாமே குடியிருக்க வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் பொதுவாக 5 வருடம். அது முடிந்து, வீவக அனுமதியும் வாங்கிய குடிமக்கள்தான் முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். அறைகளை விடலாம், ஆனால் நீங்களும் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டி, நீங்கள் அங்கே இருப்பதாகக் காட்டும் வித்தை அதிகாரிகளுக்குப் பழசு, நேரில் வந்தே பார்ப்பார்கள். கிளம்பும் முன் நிலைமையைச் சொல்லி வீவகவுக்கே எழுதுங்கள்.