தினமும் தண்ணீர் விட்டும் கோல்ஃப் கிரீனில் சில இடங்கள் மட்டும் ஏன் காய்கின்றன?

ஸ்பிரிங்க்ளர் ஒழுங்காக ஓடுகிறது, ஆனாலும் கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) பாய் அளவுக்கு அங்கங்கே வெளிறிக் காய்கிறது, பக்கத்துப் புல் பச்சையாகவே நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் பெப்ரவரி வெயிலில் நானும் இதில் மாட்டியிருக்கிறேன். நான் பார்த்துக்கொண்ட கிரீனில் முதலில் என்னிடம் ஏச்சு வாங்கியவர் தண்ணீர் விடுகிறவர். “விட்டனான் சேர், தண்ணி மேலால ஓடிப்போகுது” என்றார். நான் நம்பவில்லை. கிரீனில் குழி போடும் ஹோல் கட்டரால் ஒரு துண்டு மண் வெட்டி எடுத்தோம். புல்லடி ஈரம், அதற்குக் கீழே 2 அங்குலத்துக்கு மணல் மாவு போல உதிர்ந்தது, அதற்கும் கீழே மறுபடி ஈரம். மனுஷன் சொன்னது சரி.

அப்படி ஒரு துண்டை நன்றாகக் காயவிட்டு, படுக்கவைத்து, மேலிருந்து கீழாக 2 சென்ரிமீற்றருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உறிஞ்சினால் பிரச்சினை வேறு. 5 விநாடி தாண்டியும் சொட்டு நின்றால் மண் தண்ணீரைத் தள்ளுகிறது. எங்களுடையது சேம்பிலைத் தண்ணீராக உருண்டு நிமிடக்கணக்கில் நின்றது. எந்த ஆழம் வரை நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மண்ணில் ஊறவைக்கும் மருந்து போகவேண்டிய ஆழம் அதுதான்.

உக்கும் வேர், புல் தாள், பங்கசு இழை இவற்றிலிருந்து வரும் மெழுகுப் பொருள் மணல் பருக்கைகளில் பூசிக்கொள்கிறது. ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு தடவை காய்ந்தால்தான் குணத்தைக் காட்டும். வருஷத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற ஊரில் இப்படியா என்று கிளப் கமிட்டியில் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

ஸ்பிரிங்க்ளர் நேரத்தை மட்டும் கூட்டாதீர்கள். அந்தத் தண்ணீர் வழிந்துபோய் நல்ல புல்லின் வேரைத்தான் அழுகவைக்கும். காய்ந்த இடத்தில் மட்டும் கார்டன் போர்க்கால், மண் தண்ணீரைத் தள்ளுகிற ஆழத்தையும் தாண்டி நெருக்கமாகக் குத்துங்கள். புல்தரைக்கென்று விற்கும் வெட்டிங் ஏஜென்ட்டை (தண்ணீரை மண்ணில் ஊறவைக்கும் அந்த மருந்தை) லேபிளில் சொன்ன அளவில் அடித்து, இலையில் காயவிடாமல் உடனே தண்ணீரால் கீழே இறக்குங்கள். அப்புறம் குழாயைக் கையில் பிடித்து, கொஞ்சம் விட்டு, இறங்கியதும் மறுபடி கொஞ்சம். பொறுமைதான் வேண்டும். ஒரு தடவையோடு தீராது. லேபிளில் உள்ள இடைவெளியில் திரும்ப அடிக்கவேண்டும். அடுத்த வருஷம் காயும்வரை காத்திராமல் டிசம்பர் கடைசியிலேயே தொடங்குங்கள். புல்லடியில் சேரும் சருகுப் படையைக் குறைக்காவிட்டால், துளை போட்டு மணல் தூவாவிட்டால், வருஷா வருஷம் இதே கதை.

சிலர் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். செலவு குறைவுதான், ஆனால் இவ்வளவு ஒட்ட வெட்டிய புல் கருகலாம். விவசாய மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்டிக்கரும் இதற்கில்லை. அது மருந்தை இலையில் ஒட்டவைப்பதற்கு.

காய்ந்த இடம் வட்டமாக இருந்து, ஓரத்தில் கரும்பச்சைப் புல்லோ காளானோ தெரிந்தால் அது பங்கசு வளையம். அதற்கு வெட்டிங் ஏஜென்ட்டோடு பங்கசு மருந்தும் தேவைப்படலாம். துண்டை வெட்டிப் பார்த்துவிட்டு ஒரு படம் போடுங்கள்.