மீட்டரில் 90, நோட்டீஸில் 104: அபராதத்தைக் கட்டிவிடலாமா?

கேள்வி: நான் விழுப்புரத்தில் வசிக்கிறேன். சென்ற மாதம் சென்னையிலிருந்து காரில் திரும்பும்போது, மதுராந்தகத்தைத் தாண்டி, 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாத இடத்தில் 104 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாகக் கைபேசிக்குச் செய்தி வந்திருக்கிறது. அபராதம் 1,000 ரூபாய். என் மீட்டர் 90ஐத் தாண்டவில்லை என்றுதான் நினைவு. போலீஸார் மரத்தடியில் ரேடாரோடு மறைந்து நின்றிருக்க வேண்டும். அப்படிப் பிடிப்பது செல்லுமா? எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர், 600 ரூபாய் கொடுத்தால் ஆள் வைத்து நீக்கித் தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த 600 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். இதில் மட்டும் நிதானம் வேண்டாம்.

இ-சலான், அதாவது இணையத்தில் பதிவாகும் அபராதச் சீட்டு, ஒருமுறை பதிவாகிவிட்டால், அதை வெளியாள் யாரும் அழிக்க முடியாது. கட்டப்பட வேண்டும், அல்லது அதிகாரியோ நீதிமன்றமோ ரத்து செய்ய வேண்டும். மூன்றாவது வழி இல்லை. அப்படியானால் இந்த ‘ஆள்’ என்ன செய்கிறார்? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு, யாருடைய ரசீதிலோ உங்கள் வண்டி எண்ணை ஒட்டி அச்சடித்துக் கொடுத்துவிடுவார். நீங்களும் மறந்துவிடுவீர்கள். ஓரிரு ஆண்டு கழித்து வண்டியை விற்கப் போகும்போது, பாக்கி அப்படியே நிற்பதைப் பார்ப்பீர்கள். இதைவிட மோசம், ‘உங்கள் கைபேசிக்கு ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்கள்’ என்று கேட்கும் ரகம். 1,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் வங்கிக் கணக்கையே பறிகொடுத்தவர்கள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். நான் வழக்கறிஞர். போன பணத்தைத் திரும்பக் கொண்டுவரும் வித்தை எனக்குத் தெரியாது.

உங்களுக்கு வந்த செய்தியே உண்மையானதுதானா என்று பார்த்தீர்களா? ‘உங்கள் வாகனத்துக்கு அபராதம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்து, ஏபிகே என்று முடியும் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் அது திருட்டு. குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பையும் தொட வேண்டாம். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய், வண்டி எண்ணை நீங்களே தட்டிப் பாருங்கள். சலான் அங்கே இருந்தால் உண்மை. இல்லாவிட்டால் இத்துடன் வாசிப்பதை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருங்கள்.

சரி, சலான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ரேடார் தப்பு, என் மீட்டர்தான் சரி என்பது உங்கள் முதல் வாதம். வேக வழக்கோடு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் சொல்வது இதுதான். நீதிமன்றத்தில் மிகச் சுலபமாகத் தோற்பதும் இதுவே. காரின் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது தயாரிப்பாளருக்கான விதி. கூட்டிக் காட்டலாம், குறைக்கக்கூடாது. ஆகவே உண்மையில் 104ல் போன கார், மீட்டரில் 104 அல்லது அதற்கு மேல்தான் காட்டியிருக்க வேண்டும். ‘என் மீட்டரில் 90’ என்று நீங்கள் சொன்னால், உங்கள் நினைவு பிசகிவிட்டது என்றே நீதிபதி நினைப்பார். விதிவிலக்கு, கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயரை நீங்கள் மாட்டியிருப்பது. அப்போது மீட்டர் குறைத்துக் காட்டும். ஆனால் அதை நீதிமன்றத்தில் சொல்வது, ‘வண்டியை நானே மாற்றினேன்’ என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

ரேடார் வேலை செய்யும் விதம் எளிது. ரயில் நம்மை நெருங்கும்போது அதன் ஹாரன் உச்சத்தில் ஒலித்து, கடந்ததும் சுருதி இறங்கும் அல்லவா, அதுபோலத்தான். கருவி அனுப்பும் அலை உங்கள் காரில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றத்திலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது. போலீஸார் ஓரமாகச் சாய்ந்து நின்று பிடித்ததால் வேகம் கூடிவிட்டது என்று சிலர் வாதாடுவார்கள். உண்மை நேர் எதிர். சாய்கோணம் கூடக் கூடக் கருவி வேகத்தைக் குறைத்தே காட்டும். 20 டிகிரி சாய்வில் 100 கிலோமீட்டர் வேகம் 94 என்றுதான் பதிவாகும். மரத்தடி போலீஸ் உங்களுக்குச் சலுகைதான் செய்திருக்கிறார்.

கருவியில் உண்மையான பலவீனம் ஒன்று உண்டு. ரேடார் அலை விரிந்துகொண்டே போகும். கையில் பிடிக்கும் பல ரேடார்களில் அந்த விரிவு சுமார் 12 டிகிரி. 300 மீட்டர் தொலைவில் அது 60 மீட்டருக்கும் மேல் அகலமாகி, இரண்டு பக்கச் சாலையையும் அள்ளிக்கொள்ளும். பக்கத்து வரிசையில் பறந்த ஆம்னி பஸ்ஸின் வேகம் உங்கள் காரின் பெயரில் விழ இடமுண்டு. லேசர் கருவியில் இந்தச் சிக்கல் குறைவு, அதே தொலைவில் அதன் கதிர் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்தான். எனவே சலானோடு உள்ள படத்தைத் திறந்து பாருங்கள். படத்தில் உங்கள் கார் மட்டும் இருக்கிறதா, கூட இன்னொரு வண்டியும் ஓடுகிறதா? உங்கள் கார் தனியாக இருந்தால் ரேடார் வாதத்தை மூட்டை கட்டிவிடுங்கள்.

நான் எல்லாரிடமும் தலைப்பாடாக அடித்துக்கொள்வது வேறொன்று: ரேடாரை விடுங்கள், பலகையைத் தேடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 112வது பிரிவு இரண்டு தளங்களில் பேசுகிறது. ஒவ்வொரு வகை வாகனத்துக்கும் உச்ச வேகத்தை மத்திய அரசு வகுக்கிறது. அதற்கும் கீழே, குறிப்பிட்ட சாலையிலோ இடத்திலோ வேகத்தை மேலும் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கு அரசிதழில் அறிவிக்கை வேண்டும், அந்த இடத்தில் பொருத்தமான வேகப் பலகையும் நடப்பட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாடு என்றால்கூட அறிவிக்கையிலிருந்துதான் விலக்கு, பலகையிலிருந்து இல்லை. உங்கள் வழக்கில் 80 என்ற எண் எங்கிருந்து வந்தது? நீங்கள் வந்த திசையில், பிடித்த இடத்துக்கு முன்னால், ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி 80 என்ற பலகை இருந்ததா? இதுதான் கேள்வி.

நம் சாலைகளில் இதற்கு விடை என்ன என்பது உங்களுக்கே தெரியும். பலகை புளியங்கிளைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அல்லது கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லும் ஃபிளெக்ஸ் அதன் மேல் கட்டியிருக்கும். சாலை வேலை முடிந்து பல மாதங்கள் ஆன பிறகும், அப்போது வைத்த 40 பலகை அப்படியே நிற்கும். அதை எடுக்க ஒருவருக்கும் நேரமில்லை, அதை வைத்து அபராதம் போட மட்டும் நேரமிருக்கிறது. சென்னையிலேயே பாருங்கள். 2023இல் பகலில் 40 கிலோமீட்டர்தான் வரம்பு என்று ரேடாரோடு கிளம்பினார்கள். காலியான அண்ணா சாலையில் யார் 40ல் போவார்கள் என்று ஊரே கேட்டது. திட்டத்தை நிறுத்திவைத்து, அந்த நவம்பரில் காருக்கு 60, கனரக வாகனத்துக்கும் இருசக்கர வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லாருக்கும் 30 என்று புதிதாக வகுத்தார்கள். கருவியை வாங்கிவிட்டு வரம்பை யோசிப்பது நம் வழக்கம்.

அந்த வழியாக மறுபடி போகும்போது (மெதுவாக!) ஒருவரை உடன் அழைத்துப் போய், கடைசிச் சந்திப்பிலிருந்து பிடித்த இடம் வரை தொடர்ச்சியாக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தேதியும் இடமும் பதிவாகட்டும். சீக்கிரம் செய்யுங்கள், நாளைக்கே புதுப் பலகை முளைத்துவிடலாம்.

மறைந்து நிற்கலாமா என்று கேட்டீர்கள். காவலர் மரத்தடியில் நிற்பதால் மட்டும் வழக்கு விழாது. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்ட்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணுக் கருவியால் கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்னால் ‘இங்கே கண்காணிப்பு உண்டு’ என்ற எச்சரிக்கைப் பலகை தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது. ரேடார் கருவியும் இந்த விதிக்குள் வரும். கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வண்டி எண் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு ஆகியவையும் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றும் இருக்க வேண்டும். எழுத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. நடப்பில் படம் திறக்காது, திறந்தால் கறுப்பாக இருக்கும், இடம் என்ற கட்டத்தில் ‘ஜி.எஸ்.டி. சாலை’ என்று மட்டும் இருக்கும். அந்தச் சாலை எத்தனை கிலோமீட்டர் என்பதாவது எழுதியவருக்குத் தெரியுமா? இந்தக் குறைகளில் ஒன்று மட்டும் இருந்தால் வழக்கு தானாக விழும் என்று நம்பாதீர்கள். பலகை இல்லை என்ற வாதத்தோடு சேர்ந்தால்தான் இவற்றுக்குக் கனம்.

கட்டிவிட்டுப் போய்விடலாமே, ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். படத்தில் உங்கள் கார் தனியாக இருந்து, பலகையும் ஒழுங்காக இருந்தால், ஆம், அரசுத் தளத்திலேயே கட்டிவிடுங்கள். ஆனால் 183வது பிரிவின்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை என்பது முதல் முறைக்குத்தான். இரண்டாவது முறை என்றால் ஓட்டுநர் உரிமத்தையே கைப்பற்றலாம். பணம் கட்டிச் சமரசம் செய்துகொண்டாலும் உரிமம் தொடர்பான நடவடிக்கையிலிருந்து விடுதலை இல்லை என்று 200வது பிரிவிலேயே 2019இல் எழுதிச் சேர்த்துவிட்டார்கள். வேகமாக ஓட்டுகிறவர்களின் உரிமத்தை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இலேயே மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. எனவே செய்யாத தப்புக்குச் சோம்பலில் பணம் கட்டாதீர்கள்.

பலகை இல்லை, அல்லது படத்தில் இன்னொரு வண்டி இருக்கிறது என்றால், முதலில் அதே தளத்தில் புகார் பதியுங்கள், வீடியோவை இணைத்து. நோட்டீஸில் உள்ள கெடுவைத் தாண்டவிடாதீர்கள். பதில் வராமல், இணையத்திலேயே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனால், அங்கே ‘மறுக்கிறேன்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அது சம்பவம் நடந்த எல்லையில் உள்ள நீதிமன்றம், விழுப்புரம் அல்ல. ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு போனால் வாய்தா போட்டு அனுப்புவார்கள். ஆயிரம் ரூபாய் அபராதத்தை மறுக்க அதற்கு மேல் செலவாகும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, மக்கள் யாரும் மறுப்பதில்லை என்று புள்ளிவிவரம் காட்டுவார்கள். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேக அபராதத்தில் அநியாயமாக மாட்டுகிறவர்களில் அதிகம் பேர் வண்டியை விற்றவர்கள். புரோக்கர் வருவார், பணத்தைக் கையில் கொடுப்பார், உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். வாங்கப்போகிறவர் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கும். அந்தப் படிவம் மூன்று நான்கு கைமாறி, வண்டி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். ஆர்.சி. மட்டும் உங்கள் பெயரில். சட்டத்தின் பார்வையில் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர். விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் இதை மறுபடி உறுதிசெய்தது. அபராதத்தைவிட அது பெரிய ஆபத்து. வண்டி யாரையாவது இடித்து, காப்பீடும் காலாவதியாகி இருந்தால், இழப்பீடு உங்கள் தலையில் விழும்.

ஆகவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விற்றவர், அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இது வாங்கியவரின் வேலை என்று புரோக்கர் சொல்வது பாதி உண்மை. வாங்கியவருக்குத் தனிக் கடமை இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது. பழைய கார் விற்பனை நிலையத்திடம் கொடுத்தால், அது அங்கீகாரம் பெற்ற நிலையமா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட நிலையத்துக்கு வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் பரிவாகன் தளத்திலேயே பதிவு செய்ய முடியும்; அதற்குப் பிறகு பொறுப்பு அவர்களுடையது. ‘அதெல்லாம் தேவையில்லை சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று பதில் வந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்படைத்த நாள், நேரம், வாங்கியவருடைய ஆதார் நகல், கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து வண்டி எண்ணைத் தட்டி, உரிமையாளர் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, ஒப்புகை அட்டையை விற்பனை ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.