மிஷின் விலைக்கு முன்னால் கார்புரேட்டர் கிட் விலையைக் கேளுங்கள்

கேள்வி: பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். புல் வெட்ட பிரஷ் கட்டர் வாங்க வேண்டும். டவுனில் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலர் 27,000 ரூபாய் சொல்கிறார். அதைவிடப் பெரிய 52 சிசி மிஷின் ஆன்லைனில் 9,500-க்குக் கிடைக்கிறது. மண் கிளறுவது உட்பட நான்கு இணைப்புகள் இலவசம். டீலருக்குக் கொடுக்கும் கூடுதல் பணமெல்லாம் அவர் கடை வாடகைக்குத்தான் போகும் என்கிறான் அக்கா மகன். எதை வாங்கலாம்?

பதில்: அக்கா மகன் சொல்வதில் பாதி சரி. டீலர் விலைக்குள் கடை வாடகை இருக்கிறது. கூடவே உதிரிபாக அலமாரியும், மிஷினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரு ஆளின் சம்பளமும் இருக்கின்றன. அந்த அலமாரியும் ஆளும் நிஜமாகவே அந்தக் கடையில் உண்டா என்பதைப் பார்த்துவிட்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

முதலில் அந்த 52 சிசி. ஸ்டிக்கரை விட்டுவிட்டு இன்ஜினில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். சீன வடிவமைப்பில் வரும் இன்ஜின்களில் 1ஈ44எஃப், 1ஈ40எஃப் என்பது போல எழுதியிருக்கும். நடுவில் உள்ள எண் சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். 44 என்றிருந்தால் ஏறக்குறைய 52 சிசி. 40 என்றிருந்தால் அது 43 சிசிதான், மேலே என்ன ஒட்டியிருந்தாலும். இரண்டாவது வகையை முதல் வகையாக விற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சிசி நிஜமாகவே பெரிதாக இருந்தாலும் உங்களுக்கு என்ன லாபம் என்று யோசியுங்கள். தோப்பில் உள்ள கோரைக்கும் அருகம்புல்லுக்கும் ஒழுங்காகச் செய்யப்பட்ட 30, 35 சிசி இன்ஜின் தாராளம். தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நாலு மணி நேரம் நடப்பவருக்கு எடையும் அதிர்வும்தான் பெரிய விஷயம். சாயங்காலம் டீ டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்கினால் மிஷின் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் முதல் நாள். ஆன்லைன் மிஷின் அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வரும். தண்டு, கைப்பிடி, பிளேடு மூடி எல்லாவற்றையும் நீங்களே பூட்ட வேண்டும். நானே ஒரு தடவை இப்படி மலிவாக ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். கியர் பாக்ஸில் பேருக்குக்கூட கிரீஸ் இல்லை. இரண்டு மணி நேரத்தில் தலைப்பகுதியைத் தொட முடியாத அளவுக்குச் சூடு, அடுத்த நாள் கியர் பல் போய்விட்டது. விற்றவரைக் கூப்பிட்டால் "புல்லு சுத்தியிருக்கும் சார்" என்றார், அவ்வளவுதான். நல்ல டீலர் மிஷினைப் பூட்டி, கிரீஸ் பார்த்து, ஐடில் வேகத்தில் பிளேடு சுற்றாதபடி சரிசெய்து, உங்கள் கையாலேயே கயிற்றை இழுக்கவைத்துத்தான் கொடுப்பார். அதைச் செய்யாமல் பெட்டியைத் தூக்கிக் கையில் கொடுப்பவரிடம் டீலர் விலை கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

இப்படிப்பட்ட டீலர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். வாசலில் கம்பெனி போர்டு, உள்ளே பைப்பும் மோட்டாரும், மூலையில் தூசி படிந்து இரண்டு பிரஷ் கட்டர். மெக்கானிக் யார் என்று கேட்டால் பக்கத்து ஊர் ஆள் ஒருவரின் போன் நம்பர் வரும். அதனால் கடைக்குள் போனதும் மிஷின் விலையைக் கேட்காதீர்கள். அந்த மாடலுக்குக் கார்புரேட்டர் டயாஃப்ரம் கிட் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுகள்), கிளட்ச் ஷூ, ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் மூன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்து மேசையில் வைத்தால் பேச்சைத் தொடரலாம். "ஆர்டர் போட்டா நாலு நாள்ல வந்துரும்" என்றால், மழை பெய்து புல் இடுப்பளவு நிற்கும் நேரத்தில் அந்த நாலு நாள் பதினைந்து நாளாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மரம் அறுக்கும் ரம்பம் செய்யும் ஸ்டில் என்ற கம்பெனி, அமெரிக்காவில் ஹோம் டிப்போ, லோஸ் மாதிரியான பெரிய சங்கிலிக் கடைகளில் தன் ரம்பம் கிடைக்காது என்பதையே பெருமையாக விளம்பரம் செய்த காலம் உண்டு. விற்ற கையே பழுதும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். வியாபாரத் தந்திரமும் அதில் கலந்திருக்கிறது என்றாலும், வாதம் தப்பில்லை.

வாரண்டியை மட்டும் நம்பி டீலரிடம் போகாதீர்கள். அது உற்பத்திக் குறைக்குத்தான். ஸ்பார்க் பிளக், ஃபில்டர், கயிறு, கிளட்ச் போன்ற தேய்மானச் சாமான்கள் பொதுவாக அதில் சேராது. ஆயில் இல்லாமல் ஓட்டிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் எந்தக் கம்பெனியும் காசு தராது. இரண்டு ஸ்ட்ரோக் மிஷின்கள் என் பட்டறைக்கு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இந்த மிஷின்களுக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும். கலவை 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) ஆயில். 25:1 என்றால் 40 மில்லி. உங்கள் மாடலுக்கு எது என்று கையேட்டைப் பார்த்து கேனிலேயே எழுதி வையுங்கள். தோப்பில் வேலை செய்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்றால் நாலு ஸ்ட்ரோக் மிஷின் நல்லது, பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையே இல்லை. ஆனால் இன்ஜின் ஆயிலை அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

பெட்ரோலைப் பற்றியும் டீலரிடம் கேளுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. பல சிறிய இன்ஜின்களின் கையேட்டில் 10 விழுக்காடு வரைக்கும்தான் சம்மதம் இருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டயாஃப்ரத்தையும் ரப்பர் குழாயையும் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் மிஷினை எடுக்கப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

மலிவு மிஷினே கூடாது என்று சொல்ல மாட்டேன். உள்ளூர்ப் பட்டறைக்காரர் அந்த வகையைத்தான் தினமும் பிரிக்கிறார், சாமான் கடையில் சில நூறு ரூபாய்க்கு கார்புரேட்டரே கிடைக்கிறது என்றால் அது தனிக் கணக்கு. வீட்டைச் சுற்றி பத்து சென்ட், வருடத்தில் நாலைந்து முறை வெட்டு என்பவருக்கு அதுவே போதும். உங்களுக்கு மூன்று ஏக்கர், நிழலும் தண்ணீரும் இருக்கிற தோப்பு. புல் விடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், அலமாரியைக் காட்டிய டீலரிடம்தான் வாங்குவேன்.

வாங்குவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. வேளாண் பொறியியல் துறை கருவிகளின் விலையில் ஒரு பகுதியை உச்சவரம்போடு மானியமாகத் தருகிறது; சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் மற்றவர்களைவிட அதிகம் கிடைக்கும். உழவன் செயலியில் பதிந்து, அனுமதி வந்த பிறகு, துறை ஏற்றுக்கொண்ட மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லோடு போனால் கிடைக்காது. இந்த ஆண்டுப் பட்டியலில் பிரஷ் கட்டர் இருக்கிறதா என்று உங்கள் கோட்டத்து உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் கிடைத்தால் 27,000-க்கும் 9,500-க்கும் உள்ள இடைவெளி பாதிக்கும் கீழேகூடக் குறையலாம்.

எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி.

இலவச இணைப்புகள் விஷயம். மண் கிளறும் இணைப்பை அந்த மெல்லிய தண்டில் மாட்டினால் முதலில் அடிவாங்குவது கியர் பாக்ஸ். தென்னையின் வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள், மேல் மண்ணிலேயே இருக்கின்றன, அங்கே கிளறவும் கூடாது. 80 பல் பிளேடு புதர் வெட்டத்தான். உங்களுக்குத் தேவை நைலான் கயிறு சுழன்று வெட்டும் ட்ரிம்மர் ஒன்று, மூன்று பல் பிளேடு ஒன்று. சொட்டுநீர்க் குழாய் ஓடும் வரிசையில் பிளேடைப் போடாதீர்கள். நைலானும் குழாயைக் கீறும், அதனால் குழாயை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.